அங்கோரைக் கல்லின் வயதுப்படி பார்ப்பது

கம்போடியாவுக்குப் போகிற நம்மவர்கள், இறங்கிய மறுநாள் விடிவதற்கு முன்பே அங்கோர் வாட்டின் குளக்கரையில் போய் நின்றுவிடுகிறார்கள். கோபுரத்துக்குப் பின்னால் சூரியன் எழுவதைப் படம் பிடித்துவிட்டு, அடித்துப் பிடித்துக்கொண்டு பயோன், தா புரோம் என்று ஓடி, மதியத்துக்குள் எல்லாவற்றையும் முடித்துவிடுகிறார்கள். ஊர் திரும்பியதும் “எல்லாக் கோயிலும் ஒரே மாதிரிதான் இருந்தது” என்கிறார்கள். இதைக் கேட்கும்போதெல்லாம் எனக்கு வயிறு எரிகிறது. ஒரே மாதிரி எங்கே இருக்கிறது? செங்கல்லையும் சுதையையும் நம்பிக் கட்டத் தொடங்கியவர்கள், முந்நூறு ஆண்டுக்குள் ஒரு மலையையே மணற்கல்லால் அடுக்கிவைத்தார்கள். அந்தக் கதையை நடுவிலிருந்து படித்தால் எப்படிப் புரியும்?

கல்தான் எனக்குத் தொழில். சேலத்தில் ஓமலூர் சாலையில் கிரானைட் ஸ்லாப் வியாபாரம் செய்கிறேன். அப்பா கல்குவாரியில் உளி பிடித்தவர். ஒரு கல்லைச் சுத்தியலால் இரண்டு தட்டுத் தட்டி, எழும் சத்தத்தை வைத்தே உள்ளே விரிசல் இருக்கிறதா இல்லையா என்று சொல்லிவிடுவார். அக்கா ஏற்காட்டில் இருக்கிறார். காப்பிச் செடிகளுக்கு நடுவே மிளகுக் கொடி ஏற்றியிருக்கிறார். தேவாரமும் அம்மையார் பதிகங்களும் அவருக்கு மனப்பாடம். எனக்குக் கல் தெரியும், அவருக்குக் கதை தெரியும். பொங்கல் முடிந்த கையோடு இருவரும் கிளம்பினோம்.

கூட்டத்தோடு போகக்கூடாது என்பதில் நான் உறுதியாக இருந்தேன். அங்கோருக்குப் பக்கத்து ஊரான சியம் ரீப்பில் அரசு உரிமம் பெற்ற வழிகாட்டிகள் இருக்கிறார்கள். நமக்கென்று ஒருவரை அமர்த்திக்கொண்டால், எத்தனை பேர் போனாலும் நாளுக்கு இவ்வளவு என்று ஒரே கட்டணம். எங்களுக்கு வாய்த்தவர் முப்பது வயதுக்குள் இருக்கும் ஓர் இளைஞர். முதல் நாள் மாலையில் விடுதிக்கே வந்தார். வழக்கமான பட்டியலை நீட்டியவரிடம், “எனக்குக் கல்லைப் பார்க்கவேண்டும். எந்தக் காலத்தில் எந்தக் கல்லை எப்படிக் கையாண்டார்கள் என்று வரிசையாகக் காட்ட முடியுமா?” என்று கேட்டேன். ஒரு நிமிடம் யோசித்தார். பட்டியலை மடித்துச் சட்டைப் பைக்குள் வைத்துக்கொண்டு, “அப்படியானால் அங்கோர் வாட் பிறகு. நாளைக்கு ரோலுவோஸ்” என்றார். அக்காவுக்கு அந்த நிமிடமே அவரைப் பிடித்துவிட்டது. அதிலிருந்து அவரைக் ‘கண்ணு’ என்றுதான் கூப்பிட்டார். அவரும் அதுவே தன் பெயர் என்பதுபோல் திரும்பிப் பார்த்தார்.

ரோலுவோஸ், சியம் ரீப்பிலிருந்து கிழக்கே ஏறக்குறைய 13 கிலோமீட்டர். அங்கோர் நகரம் எழுவதற்கு முன்பு கம்போடியாவை ஆண்ட கெமர் அரசர்களின் தலைநகரம் இருந்த இடம். முதலாம் இந்திரவர்மன் 879-இல் எழுப்பிய பிரே கோ கோயில் அங்கே இருக்கிறது. ஒரே மேடையில் ஆறு செங்கல் கோபுரங்கள். தன் முன்னோர்களுக்காக அவன் எடுத்தது. எதிரே நந்திகள் கோபுரங்களைப் பார்த்தபடி படுத்திருக்கின்றன. நம் நந்தியின் உடல்கட்டு அவற்றுக்கு இல்லை. கழுத்தும் முகமும் மெலிந்து, வயலிலிருந்து இப்போதுதான் அவிழ்த்துவிட்ட மாடுகளாகத் தெரிகின்றன.

அங்கே நான் நின்று பார்த்தது சுவரை. செங்கல்லின் மேல் பூசிய சுண்ணாம்புச் சுதை இன்னும் திட்டுத் திட்டாக ஒட்டிக்கொண்டிருக்கிறது. ஆயிரத்து நூறு ஆண்டு மழைக்குப் பிறகும் கொடி வேலைப்பாட்டின் விளிம்பு சில இடங்களில் கூர்மையாக இருக்கிறது. வாசல் நிலைகளும், வாசல் தலையில் இருக்கும் உத்தரக் கல்லும், இருபுறச் சிறு தூண்களும் மட்டுமே மணற்கல். அதாவது, பாரம் தாங்கும் இடத்திலும் எழுத்து வெட்டும் இடத்திலும் மட்டும் கல்லைச் செலவழித்திருக்கிறார்கள். நிலைக்கல்லில் சமஸ்கிருதக் கல்வெட்டு ஓடுகிறது. கெமர் எழுத்து பல்லவ எழுத்திலிருந்து கிளைத்தது. அக்கா விரலை எழுத்தில் படாமல் காற்றில் நகர்த்தி ஒவ்வொரு வளைவாகப் பார்த்துக்கொண்டே போனார். படிக்க முடியாவிட்டாலும் அந்த வளைவுகளின் போக்கு கிரந்தம் பார்த்த கண்ணுக்கு அந்நியமாக இருக்காது.

பக்கத்திலேயே பக்கோங். 881-இல் அதே அரசன் எடுத்த, ஐந்து அடுக்குக் கோயில்மலை. முழுப் பிரமிடையும் மணற்கல்லால் போர்த்திவிட்டார்கள். அடுக்குகளின் மூலைகளில் கல் யானைகள் நிற்கின்றன. மேலே போகப் போக யானைகள் சிறுத்துக்கொண்டே போகின்றன. கீழிருந்து பார்க்கிறவனுக்கு மலை இருப்பதைவிட உயரமாகத் தெரியவேண்டும் என்பதற்கான கணக்கு இது. சுதை பூசிய செங்கல் கோபுரத்துக்கும் கல்மலைக்கும் நடுவே இரண்டே ஆண்டு. அந்தத் துணிச்சலை உணரவேண்டுமென்றால் ஒன்றைப் பார்த்த காலோடு மற்றொன்றுக்கு நடந்து போகவேண்டும். அங்கோர் வாட்டைப் பார்த்துவிட்டு வருகிறவருக்குப் பக்கோங் சின்னக் கோயிலாகத்தான் தெரியும்.

இந்த இடத்தில் கல்லைப் பற்றிக் கொஞ்சம் சொல்லிவிடுகிறேன். சேர்வராயன் மலையின் உடம்பு சார்னகைட் என்ற கருங்கல். பூமிக்கு அடியில் கடும் வெப்பத்தில் உருவான பாறை. அதில் மணிகள் ஒன்றுக்குள் ஒன்று கவ்விக்கொண்டு கிடக்கும். உளி பட்டால் தீப்பொறி பறக்கும். அந்தக் கல்லில் நீளமான உத்தரமும் பாவுகல்லும் வெட்டியெடுத்துத் தூணுக்குத் தூண் போட்டால், ஆயிரம் ஆண்டு தாங்கும். அகன்ற மண்டபம் நமக்கு வாய்த்தது இதனால்தான். கம்போடியாவில் கிடைத்தது மணற்கல். மணலைப் பிணைத்து வைத்திருக்கும் பசை மெலிந்தது. செதுக்குவதற்கு இதமான கல், ஆனால் நீளமாகக் குறுக்கே போட்டால் மேலுள்ள பாரத்தைத் தாங்காது. அதனால் அவர்கள் கூரைக்கு ஒவ்வொரு வரிசைக் கல்லையும் கீழ்வரிசையைவிடச் சற்றே உள்நோக்கி நீட்டி, இரு பக்கமும் மேலே சந்திக்கும்வரை அடுக்கினார்கள். இந்த முறையில் அகலமாகக் கூரை போட முடியாது. அங்கோரின் நடைக்கூடங்கள் எல்லாம் ஏன் இத்தனை குறுகலாக இருக்கின்றன என்ற கேள்விக்கு விடை கல்லின் குணத்தில் இருக்கிறது.

அடித்தளத்துக்கும் சுற்றுமதிலுக்கும் அவர்கள் செம்பூராங்கல்லை வைத்தார்கள். தோண்டும்போது மண்வெட்டிக்கு இசைந்து கொடுத்து, காற்றுப் பட்டதும் இறுகிப்போகும் கல். மணற்கல் குலேன் மலையடிவாரத்திலிருந்து வந்தது. அங்கே ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய கல்குவாரிகளையும், அவற்றிலிருந்து அங்கோர் வரை கல் மிதந்து வந்த கால்வாய்களின் தடத்தையும் ஜப்பானிய ஆய்வாளர்கள் 2012-இல் வெளியிட்டார்கள். லாரி வாடகைக்கே லாபத்தில் பாதியைக் கொடுக்கிற எனக்கு, அந்தக் கால்வாயைக் கேட்டதும் உடம்பு சிலிர்த்தது.

அடுத்துப் பந்தே ஸ்ரெய். சியம் ரீப்பிலிருந்து ஏறக்குறைய ஒரு மணி நேரக் கார்ப் பயணம். வழி முழுக்கப் பனைமரங்கள். வயல் வரப்பிலும் குளக்கரையிலும் நம் ஊரில் நிற்பதுபோலவே நிற்கின்றன. நமக்கு மாநில மரம், அவர்களுக்கு நாட்டு மரம். சாலையோரத்தில் பெண்கள் பெரிய இரும்புச் சட்டியில் பதநீரைக் காய்ச்சிக்கொண்டிருந்தார்கள். அக்கா வண்டியை நிறுத்தச் சொல்லி இறங்கிவிட்டார். காய்ச்சுகிற அம்மாவின் கையிலிருந்த கரண்டியை வாங்கி, பாகை ஒரு துளி தூக்கிப் பார்த்து, இன்னும் பதம் வரவில்லை என்று தலையை ஆட்டினார். அந்த அம்மாவும் அதையே சொல்லியிருக்கவேண்டும், இருவரும் சிரித்துக்கொண்டார்கள். பனையோலையில் வட்ட வட்டமாகப் பொதிந்த சர்க்கரையை வாங்கிக்கொண்டோம். நம் கருப்பட்டியைவிட வெளுப்பு, கார்ப்பு குறைவு. குழுவாகப் போகிற பஸ் இங்கே நிற்காது. எங்களை யாரும் கடிகாரம் பார்த்து அவசரப்படுத்தவில்லை.

பந்தே ஸ்ரெய் 967-இல் குடமுழுக்குக் கண்ட சிவன் கோயில். கட்டியவன் அரசன் அல்லன். யக்ஞவராகன் என்ற அரசவைப் பெரியவர். அரசகுலத்தில் பிறந்த அவர், பின்னாளில் ஐந்தாம் ஜெயவர்மனுக்கு ஆசிரியராக இருந்தவர். கோயில் மிகச் சிறியது. கருவறை வாசலில் குழந்தைதான் நிமிர்ந்து நுழையலாம். கல் இளஞ்சிவப்பு. காலை ஏழரைக்குத் திறந்ததும் உள்ளே போய்விட்டோம். சாய்வான வெயில் விழும்போது செதுக்கலின் ஆழம் தெரியும். உச்சிவெயிலில் எல்லாம் தட்டையாகிவிடும் என்று வழிகாட்டி முன்பே சொல்லியிருந்தார். அவர் சொன்ன சொல் அப்படியே பலித்தது. கொடிக்கும் பின்சுவருக்கும் நடுவே விரல் நுழையும் அளவுக்கு இருள் தேங்கி நின்றது. அந்த அளவு ஆழமாக உளியைச் சாய்த்துக் குடைந்திருக்கிறார்கள். சாளரக் கம்பிகள் கடைசல் பிடித்த கட்டில்கால்களாக உருண்டு திரண்டிருக்கின்றன. நிலைச்சட்டங்களின் மூலையைப் பாருங்கள்: தச்சன் மரச்சட்டத்தைப் பொருத்துவதுபோல் சாய்வாக வெட்டி இணைத்திருக்கிறார்கள். மரத்தில் பழகிய கை அப்படியே கல்லுக்கு வந்திருக்கிறது. கல்லில் மரப்பொருத்து தேவையே இல்லை, பழக்கம் விடவில்லை. ஒரு தொழிலாளியின் கை எங்கிருந்து வந்தது என்பதை இவ்வளவு நேராகச் சொல்லும் சான்றை நான் வேறெங்கும் கண்டதில்லை.

கைலாயத்தைப் பெயர்க்கும் இராவணன் ஒரு முகப்பில் இருக்கிறான். அடுக்கடுக்காக முனிவர்களும் விலங்குமுகக் கணங்களும் பதறி நிற்க, உச்சியில் உமை இறைவனைப் பற்றிக்கொள்கிறாள். இதன் பின்பக்க முகப்பில் கரும்புவில்லோடு காமன். தவம் கலைந்த சிவன் அவனை எரிக்கப் போகிறான். மேற்கு வாசலில் வாலியும் சுக்கிரீவனும் மல்லுக்கட்டுகிறார்கள். பக்கத்திலேயே இராமன் நாணேற்றி நிற்கிறான்.

சேலத்துக்காரனுக்கு இங்கே தாரமங்கலம் நினைவுக்கு வராமல் எப்படி இருக்கும்? எங்கள் பகுதியை ஆண்ட கெட்டி முதலிகள் அங்கே எடுப்பித்த கைலாசநாதர் கோயிலில் வாலிவதைத் தூண்கள் இருக்கின்றன. இராமன் நிற்கும் தூணருகிலிருந்து பார்த்தால் வாலி தெரிவான். வாலி இருக்கும் இடத்திலிருந்து பார்த்தால் இராமன் தெரியமாட்டான். மறைந்து நின்று எய்தான் என்பதை நம் சிற்பி இடத்தைக் கொண்டே சொல்லிவிட்டான். பந்தே ஸ்ரெய்ச் சிற்பிக்கு இருந்தது ஒரே ஒரு முகப்புக் கல். அதற்குள் எதிரிகள் இருவரையும் எய்பவனையும் ஒன்றாக நிறுத்தவேண்டும். அதனால் அவன் இராமனை மறைக்கவில்லை. பார்க்கிற நமக்கு எல்லாம் தெரிகிறது, சண்டையில் மும்முரமாக இருக்கிற வாலிக்கு மட்டும் தெரியவில்லை. இரண்டுக்கும் நடுவே அறுநூறு ஆண்டும் ஒரு கடலும் இருக்கின்றன. கதை ஒன்று, கல் வேறு, தீர்வு வேறு. இதை வழிகாட்டியிடம் விளக்கியபோது அவர் தரையில் குந்தி, குச்சியால் தூண்களை வட்டமாக வரைந்து, எங்கே நின்றால் எது தெரியும் என்று திரும்பத் திரும்பக் கேட்டுக்கொண்டார்.

அக்கா அதற்குள் கிழக்கு வாசலுக்குப் போய்விட்டார். அங்கே முகப்பில் பல கைகளோடு சிவன் ஆடுகிறான். கீழே ஓரத்தில் ஓர் உருவம் உட்கார்ந்திருக்கிறது. பெண்தான். எலும்பு துருத்திய உடம்பு, வற்றித் தொங்கும் மார்பு, நிமிர்த்திய முகம். அறிஞர்கள் இவரைக் காரைக்கால் அம்மையார் என்று அடையாளம் கண்டிருக்கிறார்கள். அக்கா அதைப் படித்துவிட்டு வந்தவர் அல்லர். பார்த்ததும், “தம்பி, இங்கே அம்மையார் இருக்கிறார்” என்றார். திருவாலங்காட்டுப் பதிகத்தில் அம்மையார் தன்னைப் பேயாக வைத்துப் பாடிய அத்தனை அடையாளமும் அந்தக் கையகலக் கல்லில் இருக்கிறது. காரைக்காலில் வணிகர் வீட்டில் பிறந்து, திருவாலங்காட்டில் இறைவனின் காலடியில் இருந்தவர் கெமர் மண்ணுக்கு எப்படி வந்து சேர்ந்தார்? பாடலாக வந்தாரா, கப்பலேறிய ஒரு சைவரின் நினைவாக வந்தாரா? அக்கா கயிற்றுக்கு வெளியே நின்றபடியே பதிகத்தை மெல்லிய குரலில் பாடத் தொடங்கினார். முழுதும் பாடினார். வழிகாட்டி தொப்பியைக் கழற்றிக் கையில் வைத்துக்கொண்டார். பின்னால் வந்த ஒரு வெளிநாட்டுக் குழு எங்களைச் சுற்றிக்கொண்டு போய், படம் எடுத்துவிட்டு, வெளியேறியும்விட்டது. ஒரு கோயிலுக்கு ஒரு மணி நேரம் என்று அளந்துவிட்ட பயணத்தில் இதற்கெல்லாம் நேரமேது?

இந்தக் கோயிலை மீட்டெடுத்த விதத்தையும் சொல்லவேண்டும். 1923-இல் பின்னாளில் பெரிய எழுத்தாளரான ஆந்த்ரே மால்ரோ இங்கிருந்து சிலைகளைப் பெயர்த்துக்கொண்டு போய்ப் பிடிபட்டார், சிலைகள் மீட்கப்பட்டன. 1931 முதல் ஆன்ரி மார்ஷல் என்ற பிரெஞ்சுக்காரர் சரிந்துகிடந்த கோயிலைக் கல் கல்லாகப் பிரித்து, அதனதன் இடத்தைக் கண்டுபிடித்து, மீண்டும் அடுக்கினார். புதுக்கல்லை வேண்டிய இடத்தில் மட்டும், செதுக்காமல் வைத்தார். ஜாவாவில் டச்சுக்காரர்களிடம் அவர் கற்றுக்கொண்ட முறை இது. பழைய மண்டபத்தைத் திருப்பணி என்று சொல்லி மணல்வீச்சால் சுரண்டி, மேலே வர்ணம் அடித்துவிடுகிற நம் ஊர் அவசரத்தை நினைத்து மனம் கனத்தது.

எனக்கு மிகவும் பிடித்த கோயில் எதுவென்று கேட்டால் தா கேவ் என்பேன். பயணக் குறிப்புகளில் இதற்கு இரண்டு வரி ஒதுக்குவார்கள். முடிக்கப்படாத கோயில். பத்தாம் நூற்றாண்டின் கடைசியில் ஐந்தாம் ஜெயவர்மன் தொடங்கியது. ஐந்து கோபுரங்களும் முழுக்க மணற்கல், ஆனால் ஏறக்குறைய எங்கும் செதுக்கல் இல்லை. பெட்டி பெட்டியாக அடுக்கிய மொட்டைக் கல். இடி விழுந்ததைக் கெட்ட சகுனமாக எடுத்துக்கொண்டு நிறுத்திவிட்டார்கள் என்று ஒரு கதை உண்டு என்றார் வழிகாட்டி. இங்கே வைத்த மணற்கல் மற்ற கோயில்களில் உள்ளதைவிடக் கடினமானது.

அக்கா கீழே நிழலில் உட்கார்ந்துகொண்டார். நாங்கள் இருவரும் ஏறினோம். படி செங்குத்து. கையை ஊன்றித்தான் ஏறவேண்டும். மேலே போனதும் நான் எதிர்பார்த்ததெல்லாம் ஒரே இடத்தில் கிடைத்தது. அவர்கள் கல்லை முதலில் மொட்டையாக அடுக்கிவிட்டு, பிறகுதான் மேலே செதுக்கினார்கள். நம் சிற்பிகள் தூணைத் தரையில் படுக்கவைத்து நான்கு பக்கமும் வேலை முடித்து நிமிர்த்துகிறார்கள்; அங்கே சுவரே சிற்பிக்குக் கல். செதுக்கல் ஒரு கல்லிலிருந்து அடுத்த கல்லுக்கு இடைவெட்டின்றி ஓடுவதன் காரணம் இது. தா கேவின் கிழக்குப் பக்க அடித்தளத்தில் கொடிவேலை தொடங்கி, சற்றுத் தூரம் போய், நின்றுபோயிருக்கிறது.

ஒவ்வொரு கல்லிலும் இரண்டிரண்டாகத் துளைகள். விரல் நுழையும் அகலம். குண்டு பாய்ந்த தழும்பா என்று பலர் கேட்பார்களாம். அவை கல்லைத் தூக்குவதற்கு மரமுளை அறைந்து கயிறு கட்டிய துளைகள். கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே சாந்து இல்லை. ஒன்றன்மேல் ஒன்றை வைத்து முன்னும் பின்னும் தேய்த்து, முகம் முகத்தோடு படியும்வரை உராய்த்திருக்கிறார்கள். என் பாக்கெட்டில் எப்போதும் இருக்கும் மெல்லிய இரும்பு அளவுகோலை எடுத்தேன். வழிகாட்டி வேண்டாம் என்று கையமர்த்தினார். சரி என்று கண்ணால் மட்டும் பார்த்தேன். காகிதம் நுழையாது. பாலிஷ் மெஷின் வைத்திருக்கிற நான் வெட்கமில்லாமல் சொல்கிறேன், என்னிடம் அந்த வேலை இல்லை.

ஆனால் ஒரு குறையும் கண்ணில் பட்டது. செங்கல் சுவரில் மேல்வரிசைக் கல் கீழ்வரிசையின் இணைப்பை மறைத்து உட்காரவேண்டும். கொத்தனார் வேலைக்கு வருகிற பையனுக்கு முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். கெமர் சுவர்களில் பல இடங்களில் இணைப்புக் கோடு மேலிருந்து கீழே நேராக இறங்குகிறது. அந்தக் கோட்டில் வேர் நுழைந்தால் சுவர் இரண்டாகப் பிளந்துவிடும். இவ்வளவு நுணுக்கமாகக் கல்லைப் படியவைத்தவர்கள் இதை ஏன் விட்டார்கள் என்று நெடுநேரம் பேசிக்கொண்டிருந்தோம்.

இத்தனைக்கும் பிறகுதான் அங்கோர் வாட். விடியற்காலைக் கூட்டம் போட்டோ எடுத்துக் கலைகிற நேரத்தில், கிழக்குப் பக்கத்து மண்பாதை வழியாக அழைத்துப்போனார். மரங்களுக்கு நடுவே நடந்துபோய்க் கோயிலின் முதுகை முதலில் பார்த்தோம். இரண்டாம் சூரியவர்மன் பன்னிரண்டாம் நூற்றாண்டின் முதற்பாதியில் திருமாலுக்கு எடுத்த கோயில். அகழியின் அகலம் மட்டும் 190 மீட்டர். நடுக்கோபுரம் தரையிலிருந்து 65 மீட்டர். கோயில் மேற்கு நோக்கியது. பலர் இதை அதிசயமாகச் சொல்கிறார்கள். தாரமங்கலம் கைலாசநாதரும் மேற்கு பார்த்தவர்தான். மாசியில் சில நாள் மாலை வெயில் அவர்மேல் விழுவதைக் கூடிநின்று பார்க்கிற ஊர் எங்களுடையது.

காலை வெயில் கிழக்குச் சுற்றில் விழும் என்பதால் பாற்கடலை முதலில் பார்த்தோம். 49 மீட்டர் நீளத்துக்கு ஒரே காட்சி. ஒரு பக்கம் 92 அசுரர்கள், மறுபக்கம் 88 தேவர்கள், நடுவில் திருமால், கீழே ஆமை. எண்ணிக்கையைச் சொன்னால் சலிப்பாக இருக்கும். நடந்து பார்த்தால் சலிப்பதே இல்லை. பாம்பைப் பிடித்த கைகள் எல்லாம் ஒரே கோணத்தில் சாய்ந்து, கால்கள் ஒரே தாளத்தில் ஊன்றியிருக்கின்றன. தேர் வடம் பிடித்தவனுக்கு அந்தச் சாய்வு உடம்பில் தெரியும். கடலுக்குள், கடைகயிறு சுழலும் மத்துக்கு அருகில் உள்ள மீன்களும் முதலைகளும் துண்டு துண்டாக அறுபட்டுக் கிடக்கின்றன. சுழலின் வேகத்தை மீனை அறுத்துக் காட்டிய சிற்பியை நான் கைகூப்பி வணங்கினேன்.

மதியம் விடுதிக்குத் திரும்பிச் சாப்பிட்டுத் தூங்கி, மாலை வெயில் சாய்ந்ததும் மேற்குச் சுற்றுக்கு வந்தோம். குருக்ஷேத்திரத்தில் பீஷ்மர் அம்புப் படுக்கையில் கிடக்கிறார். தென்மேற்கு மூலை மண்டபத்தில் வாலி தன் மனைவியின் மடியில் சாய்ந்து கிடக்க, குரங்குகள் அழுகின்றன. ஒன்று நெற்றியில் கைவைத்திருக்கிறது; ஒன்று பக்கத்துக் குரங்கின்மேல் சாய்ந்திருக்கிறது. ஒரு முகம்போல் இன்னொன்று இல்லை. பந்தே ஸ்ரெயில் தொடங்கிய சண்டை இங்கே சாவுவீட்டில் வந்து முடிகிறது. வரிசையாகப் பார்த்ததால் கிடைத்த பலன் இது. தெற்குச் சுற்றில் எருமைமேல் எமனும், கணக்குச் சொல்லும் சித்திரகுப்தனும். அக்கா ஒவ்வொரு நரகத்தின் முன்னாலும் நின்று, எந்தப் பாவத்துக்கு எந்தத் தண்டனை என்று வழிகாட்டியிடம் கேட்டு உறுதிசெய்துகொண்டார்.

இங்கே மனத்தில் பட்டதைச் சொல்லிவிடுகிறேன். அங்கோர் வாட்டைச் சோழன் கட்டினான், தமிழன் கட்டினான் என்று வாட்ஸ்அப்பில் வாய்க்கு வந்தபடி எழுதுகிறார்கள். கட்டியவர்கள் கெமர் அரசர்கள், செதுக்கியவர்கள் கெமர் சிற்பிகள். அந்தப் பெருமையை அவர்களிடமிருந்து பிடுங்கினால் நமக்கு ஒன்றும் கூடாது. உண்மையான உறவு இதைவிட அழகானது. காம்போஜ அரசன், அதாவது கம்போடிய அரசன், நட்பு வேண்டி ராஜேந்திர சோழனுக்குத் தேர் அனுப்பியதைக் கரந்தைச் செப்பேடுகள் சொல்கின்றன. முதலாம் குலோத்துங்கனுக்குக் காம்போஜ அரசன் ஒரு கல்லைக் காணிக்கையாக அனுப்ப, அது சிதம்பரம் கோயிலில் பதிக்கப்பட்டதை 1114-ஆம் ஆண்டுக் கல்வெட்டு சொல்கிறது. ஓர் அரசன் இன்னோர் அரசனுக்குக் கடல் கடந்து கல்லை அனுப்பினான் என்றால், கல்லின் அருமை இரு பக்கமும் தெரிந்திருந்தது என்றுதானே பொருள்? இதைச் சொன்னபோது வழிகாட்டி, தான் இதைக் கேள்விப்பட்டதே இல்லை என்று குறிப்பேட்டில் எழுதிக்கொண்டார். நம் காலத்திலும் தொடர்பு அறுந்துபோகவில்லை. கம்போடியாவில் உள்நாட்டுப் போர் முழுதும் ஓயாத நேரத்தில், 1986 முதல் 1993 வரை, இந்தியத் தொல்லியல் துறையினர் அங்கோர் வாட்டில் பணிசெய்தார்கள். தா புரோமில் சரிந்த நடன மண்டபத்தை நிமிர்த்தியதும் அவர்களே.

தா புரோமையும் பயோனையும் சுருக்கமாக முடிக்கிறேன். அவற்றைப் பற்றி எழுதாதவர்கள் இல்லை. இரண்டும் ஏழாம் ஜெயவர்மன் எடுத்தவை. தா புரோமைத் தன் தாய்க்காக 1186-இல் அமைத்தான். நாடெங்கும் 102 மருத்துவச் சாலைகள் வைத்தவன் என்று அந்தக் கோயில் கல்வெட்டு சொல்கிறது. அரசர்களில் எனக்கு இவன்மேல் தனி மரியாதை. ஆனால் கல்வேலையில் இவன் காலத்து அவசரம் தெரிகிறது. கல் சிறிதும் பெரிதுமாகக் கலந்திருக்கிறது, பொருத்து தளர்ந்திருக்கிறது. பயோனில் எல்லோரும் கோபுர முகங்களைப் பார்த்துக்கொண்டிருக்க, அக்கா வெளிச்சுற்றுச் சுவரை விட்டு நகரவில்லை. சந்தை, சேவல் சண்டை, மீன் விற்கிற பெண், சட்டியில் சமைக்கிறவன் என்று அரசன் சுவரில் குடிமக்கள் ஏறி உட்கார்ந்திருக்கிறார்கள்.

போக நினைக்கிறவர்களுக்குச் சில செய்திகள். சேலத்திலிருந்து ரயிலில் சென்னை, அங்கிருந்து பாங்காக் அல்லது கோலாலம்பூர் வழியாக சியம் ரீப். 2023-இல் திறந்த புது விமான நிலையம் ஊரிலிருந்து 40 கிலோமீட்டருக்கு மேல் தள்ளி இருக்கிறது. விடுதிக்காரர்களிடம் வண்டிக்கு முன்பே சொல்லிவிடுங்கள். நுழைவுச்சீட்டு ஒரு நாளுக்கு 37 டாலர், மூன்று நாளுக்கு 62, ஏழு நாளுக்கு 72. மூன்று நாள் சீட்டைப் பத்து நாளுக்குள்ளும், ஏழு நாள் சீட்டை ஒரு மாதத்துக்குள்ளும் விட்டுவிட்டுப் பயன்படுத்தலாம். ஒரு நாள் சீட்டை எடுத்து நுனிப்புல் மேயாதீர்கள். நவம்பர் முதல் பிப்ரவரி வரை வெயில் தாங்கும்படி இருக்கும். அருகில் உள்ள கோயில்களுக்கு டுக்-டுக் போதும், பந்தே ஸ்ரெய்க்குக் கார் நல்லது.

வழிகாட்டியை அமர்த்தும்போது உங்களுக்கு எதில் நாட்டம் என்று முதல் நாளே சொல்லிவிடுங்கள். கதை, கல், கல்வெட்டு, தண்ணீர், எதுவானாலும் சரி. கேட்டால்தான் அவர்களும் மனம் திறக்கிறார்கள். ஒரு நாளைக்கு இரண்டு கோயிலுக்குமேல் வைத்துக்கொள்ளாதீர்கள். முழங்கால் வலி உள்ளவர்கள் தா கேவில் ஏறவேண்டாம். கீழே கிழக்குப் பக்கமே போதும். அங்கோர் வாட்டின் உச்சித் தளத்துக்குத் தோளும் முழங்காலும் மறைந்தால்தான் விடுவார்கள். பௌத்த விரத நாட்களில் அது மூடியிருக்கும். அந்தத் தேதிகளை முன்பே கேட்டுவைத்துக்கொண்டு, அன்றைக்கு ரோலுவோஸைப் போட்டுக்கொள்ளுங்கள்.